நாற்பத்தொரு கிலோ, அடியில் சீட்டு

போடி,
8.8.2025

தம்பி பெரியகருப்பனுக்கு, சந்திரவல்லி எழுதுவது.

உன் போன் மூன்று வாரமாக அணைந்து கிடக்கிறது. அதனால் இதை ஜீப்பு முத்துக்கண்ணன் கையில் கொடுத்து விடுகிறேன். விடிந்தும் விடியாமலும் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுகிறவன், உன் வாசலைத் தாண்டித்தான் போகிறான். பதிலையும் அவனிடமே கொடு. வாயால் சொல்லி அனுப்பாதே. எழுது.

நேற்று வங்கிக்குப் போயிருந்தேன். கடைக்கு அவர்கள் தருகிற இருபது லட்சம் ஓவர்டிராப்டை இந்த வருடமும் புதுப்பிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சீசன் முழுக்க ஏல மையத்தில் உட்கார்ந்து, அடுத்தவன் ஏலக்காய் எடுப்பதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேடம், உங்க சிபில் 641 காட்டுது. போன வருசம் 768 இருந்துச்சே?"

"நான் எந்தத் தவணையும் ஒரு நாள் பிந்திக் கட்டினதில்ல சார்."

"உங்க கடன் இல்ல. நீங்க ஜாமீன் போட்ட கடன். ஆறு மாசமா வரவே இல்ல."

தோட்டத்துக்குத் தண்ணீர் மோட்டாரும் ஹோஸும் வாங்க, காய் உலர்த்துகிற ஸ்டோரைப் பழுது பார்க்க என்று இரண்டரை வருடத்துக்கு முன் தேனி பைனான்ஸ் கம்பெனியில் நீ வாங்கினாயே, அதுதான். நவம்பர் முப்பதுக்குள் சரிசெய்து வராவிட்டால் என் பைலை மேலே அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்.

இன்று காலை ஏழேகாலுக்கு அந்தக் கம்பெனியிலிருந்து ஒருத்தன் கடைக்கே வந்துவிட்டான். காய் பிரிக்கிற பெண்களுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "தம்பி கடனக் கட்ட மாட்டாரு, அக்கா லட்ச லட்சமா ஏலக்காய் வாங்குவீகளோ?" என்றான். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னேன். "எதுக்கு?" என்றான். "நீ வசூலுக்கு வந்தவனா, காய் களவாங்க வந்தவனான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். பெண்கள் சிரித்துவிட்டார்கள். "மணி ஏழேகால்தான் ஆகுது. எட்டு மணிக்கு முன்னாடி வசூலுக்கு வரக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கு. ரோட்டுல போய் நில்லு. எட்டு அடிச்சதும் வா, பேசுவோம்." போனவன் வரவில்லை.

அவனை விரட்டிவிட்டேன். உன்னை என்ன செய்வது? எனக்கு மெசேஜ் வந்தது ஒரு தவணைக்குத்தான்; ஆறு மாதம் என்று நேற்றுதான் தெரிந்தது. எத்தனை தவணை பாக்கி, ஏன் என்னிடம் மறைத்தாய்? இரண்டுக்கும் பதில் வேண்டும்.

சந்திரவல்லி


தோண்டிமலை,
12.8.2025

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். தங்கள் தம்பி பெண்டாட்டி பானுப்பிரியாதான் பேனாவைக் கையில் திணித்தாள்.

பாக்கி என்று ஒன்றும் கிடையாது. கடனை ஜூலை 13ஆம் தேதியே முழுசாக முடித்துவிட்டேன்.

தவணை தவறியது உண்மை. போன வருடக் கோடையில் மலையில் செடி காய்ந்தது தங்களுக்குத் தெரியும். முக்கால் ஏக்கரில் ஏலத் தட்டை கருகிச் சாய்ந்தது. மறுநடவு செய்தேன். மறுநடவு உடனே காய்க்காது. கையிலிருந்ததை வைத்துச் சமாளித்து, பிப்ரவரியிலிருந்து முடியாமல் போனது. சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் தவணை தவறியதாகத் தங்களுக்குக் கம்பெனி மெசேஜ் வந்துவிட்டது.

அதன் பிறகு ராசிங்காபுரம் மண்டபத்தில் என் மகள் காதுகுத்துப் பந்தியில், என் மாமனார் இலையில் சோறு விழுந்துகொண்டிருக்கும்போது, "என் கையெழுத்தத் தின்னு பொழைக்கிறவன்" என்று சொன்னீர்கள். நூற்றைம்பது பேர் காதில் விழுந்தது. அந்தச் சோறு எனக்கு இன்னும் இறங்கவில்லை.

அந்த வாரமே முடிவெடுத்தேன். தவணையாக வேண்டாம், மொத்தமாகத் தீர்த்துவிட வேண்டும். மலைக்கு வசூலுக்கு வருகிற கம்பெனி ஆள் வினோத்குமார், அபராதம் எல்லாம் சேர்த்து 92,000 என்றான். முதல் இரண்டு எடுப்பில் பறித்த காய் ஸ்டோரில் உலர்ந்து கிடந்தது. "அண்ணே, விக்க நீங்க எதுக்குப் போடி எறங்குறீக? காயாவே குடுங்க, மார்க்கெட்டுல போட்டு நானே கட்டிர்றேன்" என்றான். கிலோ 2,300 என்று நாற்பத்தொரு கிலோ. 94,300 ஆகிறது. மிச்சம் 2,300 ரூபாயைப் பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். மூட்டையை நானே அவன் பைக்கில் கட்டிவிட்டேன்.

மளிகைக் கடையோ உரக்கடையோ, இங்கே எல்லோரும் சீசன் பாக்கியைக் காயாகக் கொடுத்துத்தான் கழிக்கிறோம். யாரும் ரசீது கேட்பதில்லை. அதனால் தங்கள் மேனேஜரின் கம்ப்யூட்டர்தான் தப்பு.

போனை அணைத்து வைத்ததற்குக் காரணம், கடன் முடிந்த பிறகும் அவர்கள் நாளைக்கு முப்பது தடவை கூப்பிடுவது.

பெரியகருப்பன்


போடி,
14.8.2025

தம்பி,

எப்போதிலிருந்து நான் உனக்கு 'அவர்கள்' ஆனேன்? திட்ட வேண்டுமானால் நேராகத் திட்டு. மரியாதையை வைத்து அடிக்காதே.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மூன்றாம் தரம் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். நாற்பத்தொரு கிலோ முதல் தரக் காயை, ஒரு துண்டுக் காகிதம் வாங்காமல், நீயே கயிறு போட்டுக் கட்டி, பெட்ரோலுக்கும் கொடுத்து அனுப்பியிருக்கிறாய். உன் மளிகைக்கடைக்காரன் நாளையும் அதே இடத்தில் கடை திறக்க வேண்டியவன். வினோத்குமாருக்கு அந்தக் கவலை இல்லை. கம்ப்யூட்டர் தப்பு இல்லையடா. அங்கே உன் பேரில் ஜூலையில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. இன்று கம்பெனிக்கு ஆள் அனுப்பிக் கணக்குத் தாள் வாங்கிப் பார்த்துவிட்டேன். அந்தக் காயை அவன் முழுங்கியிருக்கிறான்.

இனி நான் சொல்வதைச் செய். எவனுக்கும் ஒரு பைசா கையில் கொடுக்காதே. ஒரு காய்கூடக் கொடுக்காதே. வருகிறவனிடம் அடையாள அட்டையும், உன் கடனை வசூலிக்கக் கம்பெனி கொடுத்த கடிதமும் கேள். இல்லையென்றால் வாசலோடு சரி. யார் வந்தான், எத்தனை மணிக்கு, என்ன பேசினான், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுது. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே, வெள்ளைத் தாளானாலும் அச்சடித்ததானாலும். போனைப் போடு. முப்பது தடவை கூப்பிட்டால் முப்பதும் அதில் பதிவாகும். அது அவர்களுக்கு எதிரான சாட்சி. அதை அணைத்து வைத்து அவர்களுக்கு உதவி செய்யாதே.

ஒன்று கேட்கிறேன். நன்றாக யோசித்துச் சொல். மூட்டை கட்டும்போது நான் பழக்கினபடி அடியில் சீட்டுப் போட்டாயா?

பந்தியில் சொன்னதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன்.

அக்கா


தோண்டிமலை,
27.8.2025

அக்கா,

நேற்று வினோத்குமார் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். நான் மேல்காட்டில் மருந்தடித்துக்கொண்டிருந்தேன். பானுதான் வீட்டில். நான் இறங்கி வருவதற்குள் பாதி நடந்துவிட்டது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அவளே பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கிறாள்.

"புருசன் எங்க?" "சோலியா இருக்காரு." "வரச் சொல்லு. இல்லேன்னா மோட்டாரக் கழத்திட்டுப் போவோம்." "கழத்துங்க. அதுக்கு முன்னாடி மூணு பேரும் அட்டையக் காட்டுங்க, பேரு எழுதணும்." இரண்டு பேரிடம் அட்டையே இல்லை. ஒருத்தன் சிரித்துக்கொண்டே, "பேரு ரஜினின்னு எழுதிக்க ஆத்தா" என்றான். இவளும் 'ரஜினி என்று சொன்னவர், இடது கையில் பச்சை குத்தியவர்' என்று எழுதினாள். அதோடு அவன் சிரிப்பு நின்றுவிட்டது. நோட்டில் 26.8, மாலை 4.10 என்று இருக்கிறது.

நான் வந்து காயைப் பற்றிக் கேட்டேன். "எந்தக் காய்ண்ணே?" என்றான் என் முகத்தைப் பார்த்து. என் கையில் மருந்துத் தெளிப்பான் இருந்தது. பானு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் தனியாகக் கூப்பிட்டுக் குரலை மாற்றினான். கம்பெனியில் பேசி வைத்திருக்கிறானாம். 45,000 கட்டினால் செட்டில்மென்ட் போட்டுப் பைலை மூடிவிடுவார்களாம். தாளைக்கூட அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொன்னான்.

மறைக்காமல் எழுதுகிறேன் அக்கா. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அடுத்த எடுப்பை வீட்டிலிருந்தே விற்றால் நாற்பத்தைந்து புரட்டிவிடலாம். போன காய் போகட்டும், நிம்மதி கிடைத்தால் போதும், உன் பைலும் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. என்ன சொல்கிறாய்?

நீ கேட்ட சீட்டு. போட்டேன். பழக்கம் விடுமா? பழைய நோட்டு அட்டையைக் கிழித்து, 'நிகர எடை 41 கிலோ. 1, 2ஆம் எடுப்பு. 13.7.25. பைனான்ஸ் வினோத்குமார் வசம், கடன் முழுசுக்கும். பெ.கருப்பன், தோண்டிமலை' என்று எழுதி, முதல் கூடைக் காய் கொட்டுமுன்பே சாக்கின் அடியில் போட்டேன். அவன் பார்க்கவில்லை.

பெரியகருப்பன்


போடி,
28.8.2025

தம்பி,

கையெழுத்துப் போடாதே. போடாதே. முத்துக்கண்ணன் இதற்காகவே வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கிறான், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

செட்டில்மென்ட் என்றால் கடன் தீர்ந்தது என்று அர்த்தம் இல்லை. 'முழுசும் கட்டவில்லை, பேரம் பேசி விட்டுவிட்டோம்' என்று உன் பேரிலும் என் பேரிலும் எழுதி வைப்பார்கள். வருடக்கணக்கில் அது நிற்கும். எந்த வங்கிக்காரன் திறந்தாலும் முதலில் அதுதான் கண்ணில் படும். முழுசாகக் கட்டிய கடனுக்கு 'முடிந்தது' என்று எழுத வேண்டும். நீ முழுசாகவே கட்டியிருக்கிறாய்.

அவன் ஏன் அவசரப்படுகிறான் என்று யோசி. பைல் திறந்திருந்தால் எவனாவது ஒரு நாள் காயைப் பற்றிக் கேட்பான். மூடிவிட்டால் கேட்க மாட்டான். உன் நாற்பத்தைந்தாயிரத்தைக் கொண்டே உன் மூட்டையைப் புதைக்கப் பார்க்கிறான்.

அந்தக் காய் இன்னும் விற்கவில்லை என்று நினைக்கிறேன். ஜூலைக் காயை ஜூலையிலேயே விற்க, கடன்காரன் துரத்துகிறவனா அவன்? கடன்காரனே அவன்தானே. போடியில் பிறந்தவன், தீபாவளி விலைக்குக் காத்திருப்பான். சாக்கை அவிழ்த்துக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

இங்கே ஒரு வேலை தொடங்கிவிட்டேன். நீ வாயைத் திறக்காதே. "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்.

அக்கா


போடி,
27.9.2025

தம்பி பெரியகருப்பனுக்கும் பானுவுக்கும்,

மூட்டை கிடைத்துவிட்டது!

தமிழ்செல்வியை உனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு முன் நானும் அவளும் ஒரே கொட்டகையில், ஒரே தட்டுக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து கூலிக்குக் காய் பிரித்தவர்கள். நான் கடை வைத்தேன். அவள் இப்போது ராஜ்கமல் கடையில் பிரிக்கிற பெண்களுக்குத் தலைவி. அவளிடமும், மற்ற கடைகளில் எனக்குத் தெரிந்த பெண்களிடமும் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தேன்: புகை வாடை அடிக்கிற மலைக்காய் வந்தால் அடி வரைக்கும் கொட்டிப் பாருங்கள்.

உன் ஸ்டோர்க் குழாய் விரிசலை அடைக்கச் சொல்லி எத்தனை வருடமாகக் கத்துகிறேன்? அடைக்காமல் இருந்ததற்கு ஆயுளில் ஒரு தரம் உன்னை மெச்சுகிறேன். உன் காயில் மட்டும்தான் அந்தப் புகை ஏறும்.

நேற்று மதியம் தமிழ்செல்வி போன் செய்தாள். "ஏ சந்திரா, ஒந்தம்பி வீட்டு அடுப்பு இங்க புகையுதுடி. அட்டையில என்னமோ எழுதியிருக்கு, வெரசா வா." செருப்பைப் போட்டேனா என்றுகூட ஞாபகம் இல்லை. சீட்டு அப்படியே இருந்தது. உன் கோழிக்கிறுக்கல் எழுத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

விற்றவன் வினோத்குமார். ராஜ்கமல் கறாரான ஆள், பேரும் போன் நம்பரும் வாங்காமல் பில் போட மாட்டார். 38.5 கிலோ, கிலோ 2,550. பணத்தை அவன் போனுக்கே அனுப்பியிருக்கிறார். முதலில் பில் நகல் தரத் தயங்கினார். "எதுக்கும்மா வம்பு? எனக்கு மூட்டை முக்கியம்." "அந்த மூட்டைய நான் எடுத்துக்கிறேன், கிலோவுக்கு நூறு கூடப் போட்டுக்கங்க. ஆனா பில்லு, பணம் அனுப்பின தாளு, ரெண்டும் எனக்கு வேணும்." சிரித்துவிட்டார். "நீங்க சீட்டுக்குத்தானே வெல குடுக்குறீக, காய்க்கு இல்லயே" என்றார். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 9, காலை பத்தரை, தேனி. கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். கடன் உன்னுடையது, நீயும் வர வேண்டும். நோட்டைக் கொண்டுவா. வெள்ளைச் சட்டை போட்டு வா. தலையைக் குனிந்துகொண்டு வந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அக்கா


தோண்டிமலை,
11.10.2025

அக்கா,

வீடு வந்து சேர்ந்தேன். தேனியில் நடந்ததைப் பானு நான்கு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். முத்துக்கண்ணன் வண்டியில் வந்த பெண்களும் கேட்டார்கள். நான் சொல்வதைவிட நன்றாக இப்போது அவர்களே சொல்கிறார்கள்.

அந்த அலுவலர் கார்த்திகா நல்ல பெண்தான். ஆனால் வேலை அப்படி. "வினோத்குமார் செஞ்சது தனிப்பட்ட தப்பு சார், கம்பெனி பொறுப்பாகாது" என்று சீட்டையும் பில்லையும் பார்த்த பிறகும் சொன்னார். எழுந்துவிடலாம் என்று நாற்காலியைத் தள்ளினேன். நீ என் காலை மிதித்தாய். "அவன் கழுத்துல தொங்குன அட்டைய அச்சடிச்சது யாரும்மா?" என்று நீ கேட்டாய்.

பிறகு அவர் இறங்கி வந்து, "சரி மேடம், மீதியத் தள்ளுபடி பண்ணி செட்டில்டுன்னு போட்டுர்றோம்" என்றார். நீ பையிலிருந்து ஒரு பிடி காயை எடுத்து அவர் மேசையில் வைத்தாய். "இது எட்டு மில்லி, முதல் தரக் காய். இதப் பிஞ்சுன்னு எழுதிக் குடுத்தா வாங்குறவன் பிஞ்சு வெலதான் குடுப்பான். என் தம்பி முழு எட கட்டியிருக்கான். முழுசுன்னு எழுதுங்க. முப்பது நாள் பாப்பேன். இல்லேன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு ஒரு மனு, போலீசுக்கு ஒரு மனு. ரெண்டும் எழுதி ரெடியா இருக்கு."

ரெடியாக இல்லை என்று பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னாய். நான் ராத்திரி உட்கார்ந்து இரண்டையும் எழுதிவிட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன், பிழை இருந்தால் திருத்து. என்னிடம் நகல் இருக்கிறது.

பெரியகருப்பன்


போடி,
24.11.2025

தம்பி,

உன் மனுவில் திருத்த ஒன்றும் இல்லை. அனுப்பத்தான் வாய்ப்பில்லாமல் போய்விட்டது. இருபத்தாறாவது நாளே கம்பெனி வழிக்கு வந்தது. ஜூலை 13 தேதியிட்டு முழு வரவு, 'கடன் முடிந்தது' என்று கடிதம், அடமானத் தாள்கள் எல்லாம் கொடுத்துவிட்டார்கள். வினோத்குமாரை வேலையை விட்டு நீக்கி, போலீசில் அவர்களே புகார் கொடுத்திருக்கிறார்கள். உன் தாள்களை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பீரோவில் வை, அரிசி டப்பாவில் வைக்காதே.

சிபிலிலும் திருத்திவிட்டார்கள். எனக்கு இப்போது 709. பழைய 768 உடனே திரும்பாது. பிப்ரவரி முதல் ஜூன் வரை நீ தவறின ஐந்து மாதம் அப்படியே இருக்கிறது. அது நிஜம், அதை அழிக்கச் சொல்லி நான் கேட்கவும் மாட்டேன். இன்று மேனேஜர் பைலை மேலே அனுப்பிவிட்டார். "இந்த லெட்டர எப்படி மேடம் வாங்குனீங்க? பெரிய பெரிய ஆளுகளே செட்டில்டுன்னு வாங்கிட்டுப் போறாங்க" என்றார். சீட்டுப் போட்டு வாங்கினேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஸ்டோர்க் குழாயை இனி அடைத்துவிடு. அதற்குக் கடன் வேண்டுமென்றால் என்னிடம் வா. ஜாமீன் கையெழுத்துப் போடுகிறேன். தவணை தவறப் போகிறது என்றால் தவறுவதற்கு முன்னால் எனக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

அக்கா


தோண்டிமலை,
2.12.2025

அக்கா,

தாள்கள் கிடைத்தன. பீரோவில்தான் இருக்கின்றன.

குழாய்க்குக் கடன் வேண்டாம். நான்காம் எடுப்புக் காசில் அடைத்துவிட்டேன். மோட்டார் ஒன்று மாற்ற வேண்டியிருக்கிறது, அதற்கு என் பேரிலேயே கேட்கப் போகிறேன். இன்றைக்கு என் சிபில் 610தான். கூட்டுறவு சங்கத்தில் சின்னதாக ஒன்று வாங்கி, பத்து மாதம் ஒழுங்காகக் கட்டி அதை ஏற்றிக்கொள்கிறேன். உன் கையெழுத்து உன்னிடமே இருக்கட்டும். அதைத் தின்றுவிட்டேன் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இரண்டு பாக்கி மட்டும் இருக்கிறது.

ஒன்று கம்பெனியிடம். என் சீட்டில் 41 கிலோ. ராஜ்கமல் பில்லில் 38.5. காய் உலர்ந்ததில் அரைக் கிலோ போயிருக்கலாம். மிச்சம் இரண்டு கிலோவை வினோத்குமார் வீட்டுப் பாயசத்தில் போட்டார்களா? கடனுக்கு மேல், பெட்ரோலுக்கு என்று நான் விட்ட ஒரு கிலோ காசையும் சேர்த்துக் கணக்குக் கேட்டுப் பதிவுத் தபால் போட்டிருக்கிறேன். பானு வேண்டாம் என்றாள், அப்புறம் அவளே ஸ்டாம்பு ஒட்டினாள்.

இன்னொன்று உன்னிடம். கம்பெனி என் பேரில் தப்பாக எழுதினது, அவர்கள் கையாலேயே திருத்த வைத்தாய். நூற்றைம்பது பேர் முன்னால் நீயும் என் பேரில் ஒன்று எழுதினாய். அதைக் கடிதத்தில் திருத்தினால் எனக்கு மட்டும்தான் தெரியும். வரும் தை 4, ஞாயிற்றுக்கிழமை, அதே ராசிங்காபுரம் மண்டபத்தில் பானு தம்பிக்கு நிச்சயதார்த்தம். அதே ஆட்கள்தான் வருவார்கள். என் மாமனார் அதே வரிசையில்தான் உட்காருவார். பந்தி பன்னிரண்டரைக்கு.

வருவாயா, மாட்டாயா? வாயால் சொல்லி அனுப்பாதே. எழுது.

உன் தம்பி
பெரியகருப்பன்


போடி,
3.12.2025

தம்பி,

வருகிறேன். பன்னிரண்டுக்கே வருகிறேன். மைக் வைக்க வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடு. திட்டினபோதும் மைக் இல்லாமல்தானே கேட்டது.

இதற்கு நகல் எடுத்து வைத்துக்கொள்.

அக்கா